நான் தூரப் போட்ட இருபத்தோரு ஆடுகள்

எனக்கு மஞ்சள் நிறம் ஆகாது. சேலையில் ஆகும், மாம்பழத்தில் ஆகும், கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஆகவே ஆகாது. புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த வியாதி தெரியும். தப்பு என்றால் திரையில் சிவப்பு எழுத்து வரும், புரோகிராம் ஓடாது. எச்சரிக்கை என்றால் மஞ்சள் எழுத்து வரும். ஓடும், ஆனால் மாமியார் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே ஓடும். அந்த முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் நான் செய்த ஒரு காரியத்தால்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் இருபத்தோரு ஆடுகள் வந்து நின்றன. ஆடுகள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு தூத்துக்குடிக்கே திரும்பி வந்து, கூடப் படித்த அந்தோணியோடு சேர்ந்து, துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மாடியில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்திருந்தேன். கம்பெனி என்றால் ரெண்டு நாற்காலி, ரெண்டு லேப்டாப், ஒரு ஃபேன். அந்தோணி தருவைகுளத்துக்காரன். அவன் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் இவன் என்பதால் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பிவிட்டார்கள். (இதை அவனே பெருமையாகச் சொல்லுவான்.)

அந்த வருஷம் எங்கள் சபையின் அசனக் கமிட்டிக்கு அப்பா தலைவரானார். அசனம் என்றால், எங்கள் பக்கத்துக் கோயில்களில் வருஷத்துக்கு ஒரு நாள் வந்தவர்களுக்கெல்லாம் பந்தி போட்டு ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் போடுவது. (கிறிஸ்தவர்களானாலும் நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்லுவோம்.) யார், என்ன என்று கேட்பதில்லை. உட்கார்ந்தால் இலை விழும். அதற்கு வேண்டியதைச் சபை மக்களே நேர்ந்துகொண்டு தருவார்கள். ஒருவர் அரிசி மூட்டை, ஒருவர் தேங்காய், பிள்ளைக்கு வேலை கிடைத்தவர் ஒரு ஆடு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர் இன்னொரு ஆடு.

அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருஷமாகக் கமிட்டியில் வாழை இலைக்குப் பொறுப்பு. இலை நரம்பு கிழியாமல் வந்து சேர்ந்ததா என்று ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "ஏளா ஜெபா, இந்த வருசம் அசனம் நம்ம பொறுப்பு" என்றார். நம்ம என்று அவர் சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அதுவரைக்கும் காணிக்கை எழுதுகிற வேலை எஸ்தர் டீச்சரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நீளமான ஒரு நோட்டோடு நாற்காலி போட்டு உட்காருவார். முப்பது வருஷம் கணக்கு நடத்திய குரல். "ஒரு ஆடா? போன வருசம் ரெண்டு குடுத்திய. என்ன, யாவாரம் சரியில்லையோ?" என்று கேட்டால் அது மணிக்கூண்டு வரைக்கும் கேட்கும். ஜனங்கள் வெட்கப்பட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள். அதனால் அப்பா கமிட்டியில் எழுந்து, "இனி யாரும் யார் முன்னாடியும் நின்னு சொல்ல வேண்டாம். போன்ல ஒரு செய்தி அனுப்பினாப் போதும். தானா பதிவாயிரும். எம்மவ செஞ்சு தருவா" என்று அறிவித்துவிட்டார். எஸ்தர் டீச்சர் நோட்டை மூடி மேசையில் வைத்தார். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கமிட்டியை விட்டே போய்விட்டார்.

சரி, நம்ம வித்தையைக் காட்ட வேண்டியதுதான் என்று நானும் உட்கார்ந்தேன். சாதாரணமாக ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் நான் அப்போதுதான் ரஸ்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தேன். புதுச்செருப்பு வாங்கினவள் வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு நடப்பதுபோல, எதற்கெடுத்தாலும் ரஸ்ட்தான்.

அந்த மொழிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த வேலையைக் கொடுத்தாலும் முடித்துவிட்டு, "நடந்தது" என்றோ "நடக்கவில்லை, காரணம் இது" என்றோ ஒரு பதிலைக் கையில் கொடுக்கும். அந்தப் பதிலை நீங்கள் பார்க்காமல் விட்டால், மஞ்சள் எழுத்தில் கேட்கும்: பதில் கொடுத்தேனே, கண்டுகொள்ளவில்லையே? என் புரோகிராமில் பதினாலு இடத்தில் அப்படிக் கேட்டது. பதினாலு மஞ்சள். எனக்குக் கண் எரிந்தது. அதோடு விடாமல், அந்த மஞ்சள் எழுத்துக்குக் கீழேயே அது ஒரு யோசனையும் சொல்லும். வரும் பதிலைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றால் வரிக்கு முன்னால் `let _ =` என்று போட்டுக்கொள். அதாவது பதிலை வாங்கி, பிரித்துப் பார்க்காமல், அப்படியே தூரப் போடு.

கம்ப்யூட்டரே சொல்லுகிறது. படித்த பிள்ளை, கேட்கமாட்டேனா? பதினாலு இடத்திலும் போட்டேன். திரை வெள்ளை வெளேர் என்று ஆனது. டீ குடித்தேன்.

அந்தோணி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "என்னளா இது, வரிக்கு வரி கோடு கோடா போட்டு வச்சிருக்க? அசிங்கமா இருக்கு. கடைசில `.ok()`-ன்னு போட்டா முடிஞ்சுது. அதுவும் பதிலைத் தூரத்தான் போடும். பாக்க லட்சணமா இருக்கும்."

"லட்சணமா? எல்லாம் நல்லபடியா நடந்த மாதிரில இருக்கும் அது? என்னோடதுல வரியோட தலையிலயே தெரியும், இங்கன ஒண்ணைத் தூரப் போடுதோம்னு. பின்னால வாசிக்கவன் ஏமாற மாட்டான்."

"வாசிக்கவன் யாரு? நீயும் நானுந்தான்."

"அப்ப நீ ஏமாறாம இருப்ப."

முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். கீழே டயர் கடை அண்ணாச்சி ஏறி வந்து, "என்ன பிரச்சினை, பாகப்பிரிவினையா?" என்று கேட்டார். பதிலைத் தூரப் போடுவதற்கு எது அழகான வழி, எது முறையான வழி, பெரிய பெரிய ஆட்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று அத்தனையும் பேசினோம். தூரப் போடலாமா என்று மட்டும் ரெண்டு பேரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. (எது முறை என்ற அந்த வாதத்தில் இன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. அதை விட்டுக்கொடுக்கிறதாக இல்லை.)

புரோகிராம் செய்ய வேண்டியது ரெண்டே வேலை. ஒருவர் போனில் தன் பெயரையும் தருகிற பொருளையும் அனுப்பினால், முதலில் அதைப் பட்டியலில் எழுத வேண்டும். அப்புறம் அவருக்கு, "உங்கள் காணிக்கை பதிவாகிவிட்டது, நன்றி. வெள்ளிக்கிழமை காலை கமிட்டித் தலைவர் வீட்டில் சேர்க்கவும்" என்று பதில் போட வேண்டும். முதல் நாள் என் லேப்டாப்பிலேயே ஓட்டினேன். கமிட்டி ஆட்கள் ஒன்பது பேரும் போட்டி போட்டுக்கொண்டு அனுப்பினார்கள். அரிசி, தேங்காய், வெங்காயம், எண்ணெய் என்று ஒன்பதும் அழகாகப் பட்டியலில் ஏறின. அப்பா அதைப் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார். சின்ன வயதுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வைத்தார்.

மறுநாள் எல்லாவற்றையும் கோயில் அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். செய்தி வந்து சேருகிற போனையும் அதோடு இணைத்து மேசையில் வைத்தேன். அங்கே வருகிறவர் போகிறவர் எல்லோரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவார்கள். யாராவது கை தவறிப் பட்டியலை அழித்துவிட்டால்? எனக்கு அறிவு அதிகம் இல்லையா, அந்தப் பட்டியலை "வாசிக்க மட்டும்" என்று பூட்டிவைத்தேன். யாரும் அழிக்க முடியாது. யாரும் எழுதவும் முடியாது. என் புரோகிராமும் அந்த யாரில் ஒன்று என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்றிலிருந்து என்ன நடந்தது என்றால், ஒவ்வொரு செய்தி வரும்போதும் என் புரோகிராம் பட்டியலில் எழுதப் போகும். எழுத முடியாது. "நடக்கவில்லை, எழுத அனுமதி இல்லை" என்று ஒழுங்காகப் பதிலும் கொண்டுவரும். நான் சொல்லிவைத்தபடி அந்தப் பதிலைப் பார்க்காமல் தூரப் போடும். அப்புறம் ரொம்ப மரியாதையாகக் காணிக்கை கொடுத்தவருக்கு "பதிவாகிவிட்டது, நன்றி" என்று அனுப்பிவிடும்.

ரெண்டு வாரம். பட்டியலில் ஒன்பதுக்கு மேல் ஒரு வரி ஏறவில்லை.

அப்பா தினமும் காலையில் சைக்கிளில் கோயிலுக்குப் போய்ப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். முதல் நாலு நாள், "இப்பத்தானே அறிவிச்சிருக்கு" என்றார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, "காணிக்கை பதியாதவங்க இன்னும் பதியலாம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சபை முழுவதும் அவரைப் பார்த்துச் சிரித்த முகமாகத் தலையாட்டியது. எல்லோரும்தான் பதிந்துவிட்டார்களே! நன்றி என்று பதிலும் வந்துவிட்டதே! அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி தெரிந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் பாதியிலேயே கை கழுவிவிட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நாலு பேரைக் கூப்பிட்டு வாய்விட்டுக் கேட்டாத்தான் என்ன?"

"நேந்துக்கிட்டுக் குடுக்கதை எப்படிளா கேக்க? அது அவியளுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. நான் யாரு நடுவுல? பதினோரு வருசத்துல நான் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல."

எங்கள் சபையில் அது எழுதாத சட்டம். எஸ்தர் டீச்சர்கூட வந்து சொன்னவர்களைத்தான் குடைவாரே தவிர, வராதவர்களிடம் போய்க் கேட்கமாட்டார். அதனால் அப்பா யாரிடமும் கேட்காமல், தன்னிடமே கேட்டுக்கொண்டார். என்ன தப்பு செய்தேன்? கிரேன் ஓட்டுகிற சாமுவேலை, கோயில் வாசலை மறித்துக் காரை நிறுத்தினதற்காக ஈஸ்டர் அன்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டது தப்போ? எஸ்தர் டீச்சரிடமிருந்து நோட்டைப் பிடுங்கினது தப்போ? "இலைக்காரனை இலையோட விட்டிருக்கணும்ளா. எனக்குத் தலைவர் பவிசு எதுக்கு? சனங்களுக்கு என்னைப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகராசி நான் என்ன செய்தேன் தெரியுமா? சபை மக்களைத் திட்டினேன். "நன்றி கெட்ட சனம்பா இது. தின்ன மட்டும் வரும். நீங்க ஏன் கவலைப்படுதிய?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இன்றைக்கும் ராத்திரி படுத்தால் சில சமயம் அந்த வசனம் காதில் கேட்கும். போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுவேன்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. சனிக்கிழமை அசனம். பட்டியலில் ஒரு ஆடுகூட இல்லை. அந்த வருஷம் கறி கிடையாது, சாம்பார் மட்டும் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை சாயங்கால ஜெபத்தில் அப்பாவே அதை அறிவிப்பதாக ஏற்பாடு. சாத்தான்குளத்திலிருந்து வருகிற சமையல் மாஸ்டருக்கு அப்பா போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மாஸ்டர், கறி இல்ல. சாம்பார்தான். ரெண்டு ஆள் கூட்டிட்டு வந்தாப் போதும்."

"அண்ணாச்சி, வீட்ல எதும் கெட்ட காரியம் ஆயிப்போச்சா?" என்று மாஸ்டர் கேட்டார். அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கே குருவானவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அசனம் முடிந்ததும் தலைவர் பொறுப்பிலிருந்தும் கமிட்டியிலிருந்தும் விலகிக்கொள்ளுவதாக. குமாஸ்தா கையெழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அம்மா வாசலிலிருந்து கத்தினாள். "ஏளா, இது யாரு ஆடு? கருவேப்பிலைச் செடியைத் திங்குது!"

போய்ப் பார்த்தால் கேட்டில் ஒரு கறுப்புக் கிடா. அதைக் கட்டிக்கொண்டிருந்தவர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. "மக காலேஜ்ல சேந்துட்டாள்லா, அதுக்குத்தான்" என்றார். நான் முழித்தேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். உங்கள் காணிக்கை பதிவாகிவிட்டது, நன்றி. என் எழுத்து. என் முற்றுப்புள்ளி.

அவர் போவதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு அம்மாவும் ரெண்டு வெள்ளாடும் சரிசமமாக உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டியில் மூன்று. அரிசி மூட்டைகள். ஒரு ஸ்கூட்டரில் முன்னால் ஒரு கிடா நின்றபடி, ஹேண்டில்பாரைப் பிடிக்காததுதான் பாக்கி, வந்து இறங்கியது. ஆட்டைக் கட்டக் கேட் பத்தவில்லை. ஜன்னல் கம்பி, துணி காயப்போடுகிற கம்பம், அப்பாவின் சைக்கிள், எல்லாவற்றிலும் ஆடு. சைக்கிளில் கட்டினது சைக்கிளையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அந்தோணிக்கு போன் போட்டுவிட்டுக் கோயில் அலுவலகத்துக்கு ஓடினேன். ரெண்டு பேருமாகப் புரோகிராமைத் திறந்தோம். பட்டியலில் எழுதுகிற வரியைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் இருந்த என் `let _ =` ஐ எடுத்துவிட்டு, வருகிற பதிலைத் திரையில் காட்டு என்று போட்டு, சோதனைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். வந்தது பதில். எழுத அனுமதி இல்லை. இன்னொன்று அனுப்பினேன். எழுத அனுமதி இல்லை. பாவம், ரெண்டு வாரமாக இதைத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறது.

அந்தோணி திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் அப்பமே சொன்னேன், `.ok()` போடுன்னு."

"அடப்பாவி, அதைப் போட்டாலும் இதேதாம்ல நடந்திருக்கும்!"

"ஆமா" என்றான். "ஆனா பாக்க லட்சணமா நடந்திருக்கும்."

ஒரே நல்ல காலம், காணிக்கைச் செய்திகள் வந்து சேருகிற அந்தப் போன் மேசையிலேயே சார்ஜில் கிடந்தது. வந்த செய்தி ஒன்றுகூட அதிலிருந்து அழியவில்லை. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வருகிற வழியெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்லுவது என்று ஒத்திகை பார்த்தேன். பட்டியல் கோப்பு, அனுமதி, எச்சரிக்கை என்று ஆரம்பிக்கலாமா? கம்ப்யூட்டர் மேல் பழியைப் போடலாமா? போட்டால் அவர் நம்பிவிடுவார். அதுதான் பயமாக இருந்தது.

அப்பா முற்றத்தில் ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியின் ஒரு ஓரம் ஒரு குட்டியின் வாயில் இருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஒன்றும் புரியாத முகம்.

"அப்பா" என்றேன். அவ்வளவு ஒத்திகையும் போய்விட்டது. "எல்லாரும் குடுத்திருக்காவப்பா. ரெண்டு வாரமா அனுப்பிக்கிட்டேதான் இருந்திருக்காவ. நாந்தாம்பா தூரப் போட்டுட்டேன். எழுத முடியலன்னு அது சொல்லிச்சு, நான் அதைக் கேக்க வேண்டாம்னு எழுதி வச்சிருந்தேன். தப்பு பூரா எம்மேலதான்." அழுகை வந்துவிட்டது. இருபத்தேழு வயதுக் கழுதை, ஆட்டு மந்தைக்கு நடுவில் நின்று அழுதது.

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ரொம்ப மெதுவாக, "யாரு யாரு குடுத்திருக்காவன்னு வாசி" என்றார்.

வாசித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு செய்தியாக வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அப்பா தலையை ஆட்டினார். சிலர் பொருளை மட்டும் எழுதியிருந்தார்கள். சிலர் கதையே எழுதியிருந்தார்கள். எஸ்தர் டீச்சர்: வெங்காயம் ரெண்டு மூட்டை, நறுக்குவதற்கு நானே வருவேன், கத்தி மொட்டையாக இருக்கக் கூடாது. அடுத்தது கிரேன் சாமுவேல். அப்பாவின் முகம் இறுகியது. நான் வாசித்தேன். "எப்பவும் ஒரு ஆடு. இந்த வருசம் நம்ம அண்ணாச்சி தலைவரானதால ரெண்டு."

"திருப்பி வாசி" என்றார் அப்பா.

திருப்பி வாசித்தேன். அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் தண்ணீர். "ஏளா, நானும் என்னென்னமோ நினைச்சு... எஞ்சனம்ளா இது" என்றார். எனக்கு அந்த நிமிஷத்தில் அப்பாவைப் பிடித்த மாதிரி எப்போதும் பிடித்ததில்லை. பக்கத்தில் நின்ற அம்மா அவர் சட்டைப்பைக்குள் கை விட்டு அந்தக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இந்தா, இது ஒண்ணைத்தான் நீ பாக்காமத் தூரப் போடலாம்."

போட்டேன். அதற்கப்புறம் உட்கார நேரமில்லை. ஆட்டை எண்ணினால் இருபத்தொன்று. வழக்கமாகப் பதினைந்து வந்தாலே பெரிது. கறிச் சமையலுக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அப்பா மாஸ்டருக்கு போன் போட்டார். போனை வெளியே கேட்கும்படி வைத்தேன்.

"மாஸ்டர்... ஆடு வந்துட்டு. இருபத்தொண்ணு. உங்க ஆளுங்களை இனிமே கூப்பிட முடியுமா?"

"அண்ணாச்சி, நாங்க வந்துக்கிட்டுத்தான் இருக்கோம். திருச்செந்தூர் தாண்டியாச்சு. பதினாறு பேரு. பெரிய அண்டா எல்லாம் ஏத்தியாச்சு."

"நான் ரெண்டு பேருன்னுல்லா சொன்னேன்?"

"சொன்னிய. நீங்க இருக்க அசனத்துல ஆடு வராமப் போவுமா அண்ணாச்சி? எனக்கு மனசு கேக்கல. வராட்டி பதினாறு பேரும் சாம்பார் கிண்டிட்டுப் போறோம்னு கிளம்பிட்டோம்."

அப்புறம் ஆடுகளைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி தேடினால் எல்லா வண்டியும் துறைமுகத்தில். நடத்தியே கூட்டிப்போவோம் என்று முடிவானது. எனக்கு நாலு கயிறு, அந்தோணிக்கு ஐந்து. கடல் மீனை வாலைப் பார்த்தே பெயர் சொல்லுகிற பரம்பரையில் வந்தவன், ஆட்டுக்கு முன்னால் கூனிக் குறுகிப்போனான். "மீன்னா செத்த பொறவுதாம்ளா நம்ம கைக்கு வரும். இது பாக்குதுளா என்னைய" என்றான். உப்பு லாரிகள் ஹாரன் அடிக்க, ஒரு கிடா மக்ரூன் விற்கிற பேக்கரிப் படியில் ஏறி உள்ளே போய்விட்டது. அதை நான் பின்பக்கமாகத் தள்ளி வெளியே கொண்டுவந்ததை அன்றைக்குக் கடையில் நின்றவர்கள் இன்னும் மறக்கவில்லை. அதில் ஒருவர் என்னிடம் ஒரு வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்த கம்பெனி முதலாளி. (கொடுத்தார். "ஆட்டையே வெளிய எடுத்துட்டிய, என் கணக்குல இருக்க குளறுபடியை எடுக்க மாட்டியளா?" என்றார்.)

அசனம் அமோகமாக நடந்தது. அப்பா பந்திக்குப் பந்தி நடந்து, சாமுவேல் உட்கார்ந்த பந்தியில் தானே வாளியைத் தூக்கிக் கறி போட்டார். சாமுவேலுக்குக் காரணம் தெரியாது. "போதும் அண்ணாச்சி, போதும்" என்று இலை மேல் குனிந்து தடுத்துக்கொண்டே இருந்தார். எஸ்தர் டீச்சர் வெங்காயக் கையோடு என்னிடம் வந்தார். "என் நோட்டு சத்தம் போடும், நெசந்தான். ஆனா ஊமை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் போட்டோம். (இப்போது நாற்காலி ஒன்பது, ஃபேன் நாலு.) வருகிற பதிலை யாரும் தூரப் போடலாம். சில இடத்தில் போடத்தான் வேண்டும். புரோகிராம் மூடுகிற நேரத்தில் கடைசியாக ஒரு விடைபெறுகிற செய்தி அனுப்புகிறோம், கேட்க வேண்டியவர் ஏற்கெனவே போய்விட்டார் என்றால், அது போய்ச் சேரவில்லையே என்று யாரும் துக்கம் கொண்டாட வேண்டியதில்லை. அங்கே `let _ =` போடுவதுதான் முறை. ஆனால் அதற்கு மேல் ஒரு வரி, ஏன் தூரப் போடுகிறேன் என்று எழுத வேண்டும். எழுதக் காரணம் வரவில்லை என்றால், தூரப் போடக் கூடாத ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அந்தோணி இதைச் சொல்லிக்கொடுக்கிற அழகே தனி. ஆடு கத்துகிற மாதிரி கத்திவிட்டுத்தான் ஆரம்பிப்பான்.

அப்பா இன்னும் தலைவர். அவரை விடமாட்டோம் என்கிறார்கள். புரோகிராமும் ஓடுகிறது, ஒழுங்காக எழுதுகிறது, எழுத முடியாவிட்டால் ஊரைக் கூட்டுகிறது. ஆனாலும் அப்பாவுக்குத் திருப்தி இல்லை. செய்தி வந்த ரெண்டாவது நிமிஷம் அவரே போன் போட்டு, காணிக்கை கிடைத்தது என்று சொல்லி, தன் நோட்டிலும் பேனாவால் எழுதிக்கொண்டு, பிள்ளைகள் சுகமா, முட்டுவலி எப்படி என்று அரை மணி நேரம் பேசினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

இந்த வருஷம் நானும் என் பெயரில் ஒரு ஆடு என்று அனுப்பினேன். அப்பா முன்னறையில், நான் அடுப்படியில். என் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஸ்தோத்திரம். அசனக் கமிட்டித் தலைவர் பேசுதேன். ஒரு ஆடுன்னு போட்டிருக்கிய. பேரு?"

"அப்பா, நாந்தாம்பா. ஜெபா."

"எந்த ஜெபா?"

"உங்க மகப்பா!"

முன்னறையில் பேனா மூடியைத் திருகி மூடுகிற சத்தம் எனக்கு நேரிலேயே கேட்டது.

"சரிம்மா. ரொம்ப சந்தோசம். மத்தவங்களுக்கெல்லாம் சொன்ன உடனே எழுதிருவேன். உங்க பேர்ல மட்டும் ஆடு வாசலுக்கு வந்த பொறவுதான் எழுதுவேன்."